"மேக் அடிச்சா எரர் வருது": சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறு காலையில் நாலைந்து பேர் லப்டொப்போடு வந்து உட்காருவார்கள். பழைய மெஷினில் லினக்ஸ் போடுவது முதல் வேலை. அப்புறம் அதில் ஏதாவது ஒரு திறந்த மூல மென்பொருளைச் சோர்ஸிலிருந்து, அதாவது எழுதியவர்களின் மூல நிரலிலிருந்து, ஓடக்கூடியதாக நாமே கட்டிப் பார்ப்பது. இந்த இரண்டாவது வேலையில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்தேன்.

உதாரணங்களில் டெசரக்ட் அடிக்கடி வரும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அது. வருகிறவர்களில் பாதிப்பேர் பழைய தமிழ்ப் புத்தகங்களோடுதான் வருகிறார்கள். கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன், விசைப்பலகையில் வழமைபோல அடியுங்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டு அல்லது டெபியன் என்று வைத்துப் பேசுகிறேன். ஏற்கெனவே கட்டிமுடித்த பக்கேஜ்களை அவற்றில் இறக்கிப் போடும் கட்டளைதான் ஆப்ட்.

ஆப்ட்ல ஒரு வரியில வாறதை ஏன் அண்ணா சோர்ஸில இருந்து கட்டோணும்?

பெரும்பாலும் தேவையில்லை. முதலில் ஆப்ட்டில் என்ன வேர்ஷன் இருக்கிறதென்று பாருங்கள். அது போதுமென்றால் அதைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். வேண்டிய வசதி புதிய வேர்ஷனில் மட்டும் இருந்தால், அல்லது நிரலில் நாமே கைவைக்க வேண்டுமென்றால், அப்போதுதான் சோர்ஸ். எடுப்புக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. அதிலும் நாலு விஷயம் படிக்கலாம். ஆனால் நாளைக்கு ப்ரொஜெக்ட் ஒப்படைக்க வேண்டியவர் இன்றிரவு தொடங்கக்கூடாது.

கன்பிகர், மேக், மேக் இன்ஸ்டால் எண்டு பாடமாக்கி அடிக்கிறன். மூன்றும் என்ன செய்யுது எண்டு விளங்கேல்ல.

அன்னதானத்துக்குச் சமைக்க வருகிறவர் முதலில் மடைப்பள்ளியைச் சுற்றிப் பார்ப்பார்: கிடாரம் இருக்கிறதா, விறகு காய்ந்திருக்கிறதா, தேங்காய் வந்துவிட்டதா. அதுதான் கன்பிகர். நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கொம்பைலர் உண்டா, நிரல் கடன்வாங்கும் இன்ன லைப்ரரி உண்டா என்று உங்கள் மெஷினை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதன்படி மேக்பைல் என்ற குறிப்பை எழுதும். மேக் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சமைக்கும். மேக் இன்ஸ்டால் பரிமாறும். முடிந்த பைல்களை வழமையாக யூஎஸ்ஆர் லோக்கல் என்ற இடத்துக்குள் கொண்டுபோய் வைக்கும்.

மேக் நடக்கும்போது உள்ளே சில கட்டங்கள் உண்டு. லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெடர் பைல்களை (பெயர் புள்ளி-எச் என்று முடியும்) இழுத்துச் சேர்க்கும், ஒவ்வொரு சோர்ஸ் பைலையும் தனித்தனி ஆப்ஜெக்ட் பைலாக மாற்றும், கடைசியில் லிங்கர் அவற்றையெல்லாம் லைப்ரரிகளோடு இணைக்கும். எரர் எந்தக் கட்டத்தில் வந்ததென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே நான் பார்த்த எரர்களில் அநேகமானவற்றில் நிரல் சரியாகத்தான் இருந்தது. எழுதியவரின் மெஷினில் இருந்த ஏதோ ஒன்று நம்முடைய மெஷினில் இல்லை, அல்லது வேறு வயதில் இருந்தது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கடைசி வரியில "எரர் 1" எண்டு மட்டும் இருக்கு. அதை வச்சு என்னத்தைத் தேடுறது?

அந்த வரியைத் தேடாதீர்கள். அது மேக் சொல்வது: "நான் கூப்பிட்ட ஆள் தோற்றுப்போனார், நான் நிறுத்துகிறேன்." தோற்ற ஆள் என்ன சொன்னார் என்பது மேலே இருக்கும். மேலே போய், 'எரர்' என்று வரும் முதலாவது வரியைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு வரும் இருநூறு எரரும் பெரும்பாலும் அந்த ஒன்று பெற்ற பிள்ளைகள்.

அந்த வரியை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். 'இமேஜ்.சிபிபி:41:10: பேட்டல் எரர்' என்றால் பைலின் பெயர், 41ஆவது வரி, அந்த வரியில் 10ஆவது எழுத்து, பிறகு குற்றச்சாட்டு. 'வோர்னிங்' என்று வருபவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 'மேக் -ஜே4' என்று நாலு வேலையை ஒன்றாக ஓடவிட்டால் நாலு பேர் பேசுவது கலந்து வரும்; உண்மையான எரர் எங்கோ நடுவில் புதைந்து கிடக்கும். ஒருமுறை 'மேக் -ஜே1' அடியுங்கள், அந்த இடத்தில் போய் நிற்கும். வெளிவருவதை 'டீ' கட்டளையால் ஒரு பைலிலும் சேமித்துக்கொண்டால் டேர்மினலை உருட்டி உருட்டிக் கண் நோகாது.

"மேக்பைல் இல்லை" எண்டு சொல்லுது. நான் சரியான போல்டருக்குள்ளதான் நிக்கிறன்.

குறிப்பு எழுதாமலே சமைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கன்பிகர் ஓடவில்லை, அல்லது ஓடிப் பாதியில் நின்றதைக் கவனிக்காமல் மேக் அடித்துவிட்டீர்கள். சில இடங்களில் கன்பிகர் என்ற பைலே இருக்காது. நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் 'கிட்' களஞ்சியத்திலிருந்து நேரே எடுத்த சோர்ஸ் பலவேளை அப்படித்தான். அங்கே முதலில் ஆட்டோஜென் என்ற ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், அதுதான் கன்பிகரை உண்டாக்கும். டெசரக்ட்டும் இந்த வகை. போல்டரில் சிமேக்லிஸ்ட்ஸ் என்று ஒரு பைல் இருந்தால் கன்பிகருக்குப் பதிலாகச் சிமேக் என்ற கருவியால் கட்டலாம். மீசன்.பில்ட் இருந்தால் மீசன் என்ற இன்னொரு கருவி. ரீட்மீயை வாசிக்காமல் மேக் அடிக்கிறவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், நானும் கேட்டவன்தான்.

ஆட்டோஜென்னிலும் இரண்டு பொறி உண்டு. 'பொசிப்லி அன்டிபைன்ட் மேக்ரோ' என்று சொல்லி லிப்டூல் சம்பந்தமான பெயர் வந்தால் லிப்டூல் பக்கேஜ் இல்லை. கன்பிகர் ஓடும்போது 'பிகேஜி_செக்_மொடியூல்ஸ்' என்ற இடத்தில் சின்டெக்ஸ் எரர் வந்தால் ஸ்கிரிப்டில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கன்பிக் என்ற கருவி இல்லாததால் வருவது அது. அதைப் போட்டுவிட்டு ஆட்டோஜென்னிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

"நோ சச் பைல் ஓர் டிரெக்டரி" எண்டு ஒரு புள்ளி-எச் பைலைக் கேக்குது. அந்தப் பைலை மட்டும் டவுன்லோட் பண்ணிப் போடட்டா?

வேண்டாம். தனி ஹெடரைக் கொண்டுவந்து போட்டால் அது இன்னும் நாலு ஹெடரைக் கேட்கும். எல்லாவற்றையும் கொடுத்தாலும் கடைசியில் லிங்கர் நிறுத்தும்.

டெபியன், உபுண்டுவில் ஒரு லைப்ரரி இரண்டு பக்கேஜாக வரும். ஓடுவதற்கு மட்டுமான பகுதி ஒன்று. கட்டுவதற்குத் தேவையான ஹெடர்கள் உள்ள, பெயர் 'டெவ்' என்று முடியும் பகுதி மற்றது. பெடோரா பக்கம் அதை 'டெவெல்' என்பார்கள். ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு லிப்எஸ்எஸ்எல்-டெவ். இசட்லிப்புக்கு மட்டும் இசட்லிப்1ஜி-டெவ் என்று ஒரு கோணல் பெயர். நடுவில் உள்ளது எண் ஒன்று, கவனம். கொம்பைலரே இல்லாத புது மெஷின் என்றால் முதலில் பில்ட்-எசென்ஷியல்.

எந்த ஹெடர் எந்தப் பக்கேஜில் என்று தெரியாவிட்டால் ஆப்ட்-பைல் போட்டு, ஹெடரின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். இன்னும் சுருக்கு வழி, அதே மென்பொருளின் பழைய வேர்ஷன் ஆப்ட்டில் இருந்தால் 'ஆப்ட் பில்ட்-டெப்' அடிப்பது. அதைக் கட்டத் தேவையான எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்துவிடும். ஆப்ட்டின் மூலப் பட்டியலில் 'டெப்-சோர்ஸ்' திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுக்கும்.

லெப்டோனிகா போட்டிருக்கிறன், கண்ணால பார்த்தன். கன்பிகர் "இல்லை" எண்டே நிக்குது.

லெப்டோனிகா என்பது படங்களைக் கையாள டெசரக்ட் பாவிக்கும் லைப்ரரி. டெசரக்ட் கட்ட அதன் 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும். போட்டது ஓடும் பகுதியா, டெவ் பகுதியா என்று முதலில் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு சரிவரும். லெப்டோனிகாவையும் நீங்களே கட்டி வீட்டு டிரெக்டரிக்குள் வைத்திருந்தால், பிகேஜி-கன்பிக்குக்கு அந்த இடம் தெரியாது. 'பிகேஜி_கன்பிக்_பாத்' என்ற மாறியில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் கன்பிக்.லாக் என்ற பைலைத் திறவுங்கள். அடியிலிருந்து வாசிக்க வேண்டாம், அடியில் வெறும் மாறிகளின் பட்டியல்தான். லெப்டோனிகா என்று தேடி அந்த இடத்துக்குப் போனால், கன்பிகர் எழுதிய சின்னச் சோதனை நிரலும் கொம்பைலர் அதற்குச் சொன்ன பதிலும் அப்படியே இருக்கும். சிமேக் என்றால் இன்னொன்று: ஒருமுறை 'இல்லை' என்று பார்த்ததைச் சிமேக் சிலவேளை ஞாபகம் வைத்திருக்கும். லைப்ரரியைப் போட்ட பிறகு பில்ட் போல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

எல்லாம் கொம்பைல் ஆகி, முடியப்போற நேரம் "அன்டிபைன்ட் ரெபரன்ஸ்" எண்டு நாப்பது வரி. ஹெடர் எல்லாம் இருக்கே?

ஹெடர் என்பது 'இப்படி ஒரு பங்ஷன் இருக்கிறது' என்ற வாக்குறுதி. லிங்கர் கேட்பது பங்ஷனையே. 'பவ்', 'எஸ்கியூஆர்டி' என்று கணிதப் பெயர்கள் வந்தால் கணித லைப்ரரி சேரவில்லை, கட்டளையின் முடிவில் '-எல்எம்' வேண்டும். முடிவில் என்று சொல்வதில் காரணம் உண்டு. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். கேட்கிற ஆப்ஜெக்ட் முன்னால், கொடுக்கிற லைப்ரரி பின்னால். திருப்பி வைத்தால், லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை என்று உபுண்டு லிங்கர் விட்டுவிட்டுப் போய்விடும். கன்பிகருக்குக் கொடுக்கும்போதும் இதே கதை: லைப்ரரியை 'லிப்ஸ்' மாறியில் கொடுங்கள். 'எல்டிபிளாக்ஸ்' ஆப்ஜெக்ட்டுகளுக்கு முன்னால் போய் விழும்.

பெயர்கள் எல்லாம் எஸ்டிடி என்று தொடங்கினால் சி பிளஸ் பிளஸ் நிரலைச் சி மொழிக்கான ஜிசிசி கொம்பைலர் கட்டளையால் லிங்க் செய்திருக்கிறீர்கள், ஜி பிளஸ் பிளஸ் வேண்டும். பெயருக்குள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று தெரிந்தால், லைப்ரரி ஒரு காலத்துக் கொம்பைலரால் கட்டியது, உங்கள் நிரல் இன்னொரு காலத்தது. 2015இல் ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பு மாறியதன் மிச்சம் அது. அந்த லைப்ரரியையும் இதே கொம்பைலரால் மறுபடி கட்டினால் தீரும்.

ஒரு எரரும் இல்லை, "கில்ட்" எண்டு மட்டும் போட்டு நிக்குது. யார் கொன்றது?

லினக்ஸ்தான் கொன்றது. மெமரி தீர்ந்துவிட்டது. 'டிமெசேஜ்' அடித்துப் பாருங்கள், 'அவுட் ஒப் மெமரி' என்று வாக்குமூலம் இருக்கும். சி பிளஸ் பிளஸ் பைல்களில் சில தனியாகவே ஒரு ஜிபிக்கு மேல் தின்னும். நாலு ஜிபி மெஷினில் பிரவுசரையும் திறந்துவைத்து '-ஜே4' போட்டால் தாங்காது. எண் இல்லாமல் வெறும் '-ஜே' போட்டீர்களோ, அது எல்லையே இல்லாமல் ஓடவிடுவது; மெஷின் அப்படியே உறைந்துபோகும். பிரவுசரை மூடி '-ஜே1' போடுங்கள். அதிலும் விழுந்தால், மெமரி போதாதபோது டிஸ்க்கில் பாவிக்கும் ஸ்வாப் பைல் ஒன்றை நாலு ஜிபியில் உண்டாக்குங்கள். நேரஞ்செல்லும், ஆனால் முடியும்.

கட்டிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போயிட்டு. முதல்ல இருந்து தொடங்கோணுமா?

தேவையில்லை. மேக் பைல்களின் நேரத்தைத்தான் பார்க்கும். முடிந்ததை விட்டு முடியாததிலிருந்து தொடரும். ஒரேயொரு சிக்கல். கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் பைல் அரைகுறையாக, சிலவேளை பூச்சிய அளவில் கிடக்கும். நேரம் புதியது என்பதால் மேக் அதை முடிந்ததென்று நம்பும். கடைசியில் லிங்கர் 'பைல் ட்ரன்கேட்டட்' அல்லது 'பைல் போர்மட் நொட் ரெகக்னைஸ்ட்' என்று சொல்லும். அது பெயர் சொல்லும் பைலை மட்டும் அழித்து மறுபடி மேக் அடியுங்கள்.

"க்ளொக் ஸ்கியூ" எண்டு என்னமோ சொல்லுது. நான் பைலைத் திருத்தினாலும் மேக் ஒன்றும் செய்யுதில்லை.

மேலே சொன்ன நேரக்கணக்கின் மறுபக்கம் இது. ஒரு மாணவி பழைய டெஸ்க்டொப் ஒன்றைக் கொண்டுவந்தாள். நிரலில் ஒரு வரியை மாற்றி, சேமித்து, மேக் அடிக்கிறாள்; 'எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது' என்கிறது. மூன்று தரம் மாற்றினாள், மூன்று தரமும் அதே பதில். நான் கொம்பைலரை, மேக்பைலை, எடிட்டரைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகு தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தேன். வருடம் 2010.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துவிட்டது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் மணிக்கூடு பின்னால் ஓடிவிடும். இணையம் இருந்தால் நேரம் தானாகத் திருந்தும். அவள் டேற்றாவை மிச்சம் பிடிக்கப் போன் ஹொட்ஸ்பொட்டைத் தேவைக்கு மட்டும்தான் போடுவாள். முந்தின நாள் சரியான நேரத்தில் கட்டிய ஆப்ஜெக்ட் பைல். இன்று 2010 என்ற முத்திரையோடு திருத்திய சோர்ஸ். சோர்ஸ்தான் பழையது என்று மேக் முடிவெடுத்தால் அதில் அதற்கு என்ன குற்றம்? பற்றரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, திருத்திய பைலை 'டச்' கட்டளையால் தொட்டுவிட்டால் போதும்.

"மிஸ்ஸிங் செப்பரேட்டர்" எண்டா என்ன குறையுது?

டாப் குறைகிறது. மேக்பைலில் கட்டளை வரி டாப் எழுத்தால் தொடங்க வேண்டும், எட்டு இடைவெளி விட்டால் ஏற்காது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் டாப் இடைவெளியாக மாறிவிடும். பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் பெல்ட்மன் இந்தத் தொல்லையைச் சீக்கிரமே கண்டுகொண்டாராம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பாவிக்கத் தொடங்கிவிட்டதால் அவர்களைக் குழப்ப விரும்பாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் இன்னும் டாப் அடிக்கிறோம்.

பென்டிரைவில வச்சுக் கட்டினா "பெர்மிஷன் டினைட்". சுடோ போட்டும் சரிவரேல்ல.

பென்டிரைவ் பெரும்பாலும் விண்டோஸ் முறையில் போர்மட் செய்தது. 'இந்தப் பைலை ஓட்டலாம்' என்ற லினக்ஸ் அனுமதியை அதில் வைக்க முடியாது, சிம்பொலிக் லிங்க்கும் பலவேளை நிற்காது. சோர்ஸை வீட்டு டிரெக்டரிக்குள் கொண்டுவந்து, அங்கேயே டார் பைலைப் பிரியுங்கள். போல்டர் பெயரில் இடைவெளி வேண்டாம். 'நியூ போல்டர் 2' என்ற பெயரை மேக் மூன்று துண்டாக்கும்.

சுடோ என்பது ஒரு கட்டளையை ரூட், அதாவது நிர்வாகி, உரிமையோடு ஓட்டுவது. அது இன்ஸ்டாலுக்கு மட்டும். மேக்கைச் சுடோவால் ஓட்டினால் ரூட்டுக்குச் சொந்தமான பைல்கள் போல்டரில் தங்கி, அடுத்தமுறை உங்களையே தடுக்கும்.

இந்தச் சோர்ஸ் 2015இல எழுதினது. அப்ப ஓடினதாம், இப்ப "மல்டிப்பிள் டெபினிஷன்" எண்டு வருது. நிரல் பழுதாப் போகுமா?

நிரல் அப்படியேதான் இருக்கிறது, கொம்பைலர் கண்டிப்பாகிவிட்டது. ஹெடரில் 'எக்ஸ்டேர்ன்' போடாமல் ஒரு மாறியை எழுதினால், அதைச் சேர்க்கும் ஒவ்வொரு பைலிலும் ஒரு பிரதி உண்டாகும். முன்பெல்லாம் லிங்கர் அவற்றைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அது இல்லை. 'சிபிளாக்ஸ்' மாறியில் '-எப்கொமன்' கொடுத்தால் பழைய போக்குத் திரும்பும். ஹெடரைத் திருத்துவது முறையான வழி.

2024இல் வந்த ஜிசிசி 14 இன்னொரு படி ஏறியது. அறிவிக்காத பங்ஷனைக் கூப்பிடுவது அதுவரை வோர்னிங், இப்போது எரர். டெபியன் 13இல் இருப்பது இந்த ஜிசிசிதான். விடுபட்ட ஹெடரைச் சேர்த்தால் சரி. ஆனால் இதில் ஒரு கள்ளப் பொறி இருக்கிறது: பழைய கன்பிகரின் சோதனை நிரல்களும் அதே தவறோடு எழுதப்பட்டவை. சோதனை தோற்கும், 'வசதி இல்லை' என்று கன்பிகர் அமைதியாகக் குறித்துக்கொள்ளும், எரர் வேறெங்கோ போய் வெடிக்கும். லெப்டோனிகா பதிலில் சொன்ன கன்பிக்.லாக்தான் இங்கேயும் துணை. 2025இல் வந்த ஜிசிசி 15, சி மொழியின் சி23 தரத்தை இயல்பாக எடுப்பதால், 'பூல்' என்ற பெயரைத் தானே வரையறுத்த பழைய நிரல்கள் விழுகின்றன; '-எஸ்டிடி=ஜிஎன்யூ17' கொடுங்கள்.

சிமேக்கிலும் இதே வயதுப் பிரச்சினை உண்டு. 2025இல் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய வேர்ஷன்களுக்கு எழுதியவற்றை மறுக்கும். 'சிமேக்_பொலிசி_வேர்ஷன்_மினிமம்' என்ற மாறிக்கு 3.5 என்று கொடுத்தால் பெரும்பாலும் வழிவிடும்.

"இன்டேர்னல் கொம்பைலர் எரர்" வருது. ஒவ்வொரு முறையும் வேற வேற பைல்ல!

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கொம்பைலரின் பிழை. இடம் மாறி மாறி வந்தால் இரும்பைப் பாருங்கள். பெரிய கட்டல் என்பது புரொசெசரையும் ரேமையும் மணிக்கணக்காகக் கசக்குவது. பழுதான ரேமும் சூடேறிய புரொசெசரும் அங்கேதான் வெளிப்படும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த முறைப்பாடு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் மெத்தையில் வைத்துக் கட்டினால் விழும். அதே லப்டொப் இரவில் மேசையில், அடியில் இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தினால் முடிக்கும். அப்படியும் விழுந்தால் மெம்டெஸ்ட்86+ ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள்.

கட்டி இன்ஸ்டாலும் பண்ணியாச்சு. ஓடவிட்டா "ஷெயார்ட் லைப்ரரியைத் திறக்கேலாது" எண்டுது.

லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய்விட்டது, ஆனால் அதைத் தேடித் தருகிறவரின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. 'சுடோ எல்டிகன்பிக்' ஒருமுறை அடியுங்கள். டெசரக்ட்டில் அடுத்த தடை தமிழ்த் தரவு. ஆப்ட்டால் போட்ட தமிழ்த் தரவு யூஎஸ்ஆர் ஷெயாருக்குள் இருக்கும். நீங்கள் கட்டியது யூஎஸ்ஆர் லோக்கல் ஷெயாருக்குள் டெஸ்டேற்றா என்ற போல்டரில் தேடும். தமிழுக்கான டாம் என்ற ட்ரெயின்ட்டேற்றா பைலை அங்கே பிரதி எடுத்து வையுங்கள்.

எரரைப் போன்ல படம் எடுத்து அனுப்பினாப் பார்ப்பீங்களா?

பார்ப்பேன், ஆனால் எழுத்தாக அனுப்பினால் விரைவாகப் பார்ப்பேன். முதலாவது எரருக்குப் பத்து வரி முன்னும் பின்னும், நீங்கள் அடித்த கட்டளை, மென்பொருளின் வேர்ஷன், உபுண்டுவா டெபியனா, ஜிசிசி எத்தனை. இவ்வளவும் இருந்தால் போதும்.

படத்தை நான் ஏன் விரும்புவதில்லை என்றால், போன மழைக்காலத்தில் மூதூரிலிருந்து ஒரு தம்பி ஒரு படம் அனுப்பினான். இசட்லிப்1ஜி-டெவ் கிடைக்கவில்லை என்று ஆப்ட் சொல்கிறது. பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னேன், பக்கேஜ்களை இறக்கும் மிரர் சேர்வரை மாற்றச் சொன்னேன், அவனுடைய டேற்றாவில் பாதி அதிலேயே போனது. ராத்திரி பத்து மணிக்கு அந்த வரியைப் பிரதி எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அவன் அடித்திருந்தது சின்ன எல்.